வெயிலூரில் ஒரு லேப்டாப் எத்தனை வருஷம் தாங்கும்?

சார், உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியர், வீட்டில் 3 வருஷத்து லேப்டாப் ஒன்று, பகலில் நீங்கள் வினாத்தாள் அடிப்பதற்கும் ராத்திரியில் மகளின் காலேஜ் வேலைக்கும் அது ஒன்றுதான். சித்திரை பிறந்ததிலிருந்து ஃபேன் மாவு மெஷின் மாதிரி கத்துகிறது, முன்பு மூன்றரை மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை, நாலு ஃபைல் சேர்ந்தாற்போல் திறந்தால் திணறுகிறது, ஓரத்தில் அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை வேறு. சார்ஜரை மாட்டியே வைத்ததால்தான் பேட்டரி கெட்டது என்று மைத்துனர் சொல்கிறார். தினமும் ஜீரோ வரைக்கும் இறக்கி ஏற்றவேண்டும் என்று சக ஆசிரியர் சொல்கிறார். கடைக்காரர் ஒருவர் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு வீக்காயிடுச்சி, புதுசு வாங்கிடுங்க" என்றுவிட்டார். நீங்கள் எழுத்தில் கேட்டது சார்ஜரை மாட்டியே வைக்கலாமா கூடாதா என்று. உள்ளே இருக்கும் கேள்வி, மகள் படிப்பு முடிகிறவரை இதை ஓட்டிவிடலாமா, இல்லை இப்போதே புதுசுக்குப் பணம் புரட்டவேண்டுமா என்பது. அதற்கே பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஓட்டலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் வேலூரில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், 19 வருஷம் ஆகிறது. தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில் அங்கெல்லாம் போய் சிபியு துடைத்துக் கற்றுக்கொண்ட வேலை. போர்டில் சிப் கழற்றி மாற்றும் வேலையை நான் செய்வதில்லை, அதற்கென்று இருக்கிற ஆளிடம் அனுப்பிவிடுவேன். அதனால் உங்கள் போர்டு நன்றாக இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இந்த மூன்று அறிகுறியும், அதாவது சத்தம், திணறல், சார்ஜ் நிற்காதது, சேர்ந்து கோடையில் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது போர்டை அல்ல, வெயிலையும் தூசியையும்.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டல்லவா, அதில் முதல் பாதி லேப்டாப்புக்கும் பொருந்தும். சுற்றிலும் மொட்டைப் பாறை, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். இப்போது இதைக் கவனியுங்கள்: ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்பை 10 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது, மற்ற கம்பெனிகள் பலவும் தங்கள் கையேட்டில் கிட்டத்தட்ட இதையேதான் போட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் நமக்கு வெளியில் 41, 42 சர்வசாதாரணம். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கிற அறை என்றால் உள்ளே 37, 38 இருக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். ஆக, மே மாதம் முழுக்க நாம் கம்பெனிக்காரன் சொன்ன எல்லைக்கு வெளியேதான் லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், மெஷின் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும்.

லேப்டாப் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வது ஏசி மாதிரி இல்லை. வெளியில் இருக்கிற காற்றை இழுத்து, சூடான செப்புத் தகடு மேல் ஊதித் தள்ளுகிறது, அவ்வளவுதான். உள்ளே போகிற காற்றே 38 டிகிரி என்றால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்குக் கீழே போக முடியாது, அதனால் அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, அதுதான் உங்கள் மாவு மெஷின். பிராசசர் 95, 100 டிகிரியை நெருங்கியதும் எரிந்துவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் "திணறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, சேதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதே நாலு ஃபைலைத் திறந்து வேலை செய்யுங்கள். மத்தியானம் திணறியது காலையில் சுமாராக ஓடினால் பிரச்சினை சூடுதான். காலையிலும் அதே திணறல் என்றால் வேறு எங்கோ தேடவேண்டும், மெமரி பற்றாக்குறையாக இருக்கலாம், டிஸ்க் சாகக் கிடக்கலாம்.

தூசிக்கு வருகிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பையனின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார், பத்து நிமிஷத்தில் தானே அணைந்துவிடுகிறது என்று. அடி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கியதும் கடை முழுக்கப் பீடி வாசனை. வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், முறத்துப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பையன் படித்திருக்கிறான், புகையிலைத் தூள் ஃபேன் வழியாக உள்ளே போயிருக்கிறது. ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் அது தலைமுடி, பஞ்சு, போர்வை நூலோடு சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டையாகப் படிந்திருந்தது. ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக, என் விரல் நீளத்துக்கு வந்தது. அந்த அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இன்னாங்க இது, இத்த வெச்சிக்கினு அது எப்டி மூச்சு வுடும்" என்றார். பாடம் எடுக்கிறவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தப் பட்டையை எடுத்து, பிராசசர் சூட்டைச் செப்புத் தகட்டுக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்துப் புதிதாக வைத்ததும் மெஷின் சரியாகிவிட்டது. வேறு ஒன்றுமே மாற்றவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பட்டை தெரியாது, அதுதான் சங்கடம். அடியில் இருக்கும் துளைகள் சுத்தமாகவே இருக்கும், அடைப்பு உள்ளே தகட்டின் வாயில் இருக்கும். ஓரத்தில் காற்று வெளியே வருகிற இடத்தில் கை வைத்துப் பாருங்கள். ஃபேன் கத்துகிறது, ஆனால் காற்று பலமாக வரவில்லை என்றால் அநேகமாக அடைப்புதான். சுத்தம் செய்ய அடி மூடியைத் திறந்தே ஆகவேண்டும். வாய் வைத்து ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். வீட்டு வாக்வம் கிளீனரும் வேண்டாம். ப்ளோயர் வைத்து அடிப்பதாக இருந்தால் ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு மாணவரின் லேப்டாப்பில் நான் பிடிக்காமல் நேராக ப்ளோயரை வைத்தேன், ஃபேன் கிறுகிறுவென்று சுற்றி பேரிங் போய்விட்டது, என் காசில்தான் வேறு வாங்கி மாட்டினேன். உங்களுக்குத் திறந்து பழக்கமில்லை என்றால் கடையிலேயே கொடுங்கள். பங்குனியிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்பு, வருஷத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். பேஸ்ட்டை வருஷாவருஷம் மாற்றவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அது எனக்குச் சந்தேகம்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்பதே என் கணக்கு. மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை, இந்த மூன்றிலும் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தால்கூடப் போதும், ஆசிரியர் வீட்டில் அதற்குப் பஞ்சமிருக்காது.

இப்போது பேட்டரி. தினம் ஜீரோ வரைக்கும் இறக்கு என்கிற அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது. அதற்கு அந்த ஞாபகக் கோளாறு இருந்தது, பாதியில் ஏற்றினால் பாதியையே முழுசு என்று நினைத்துக்கொள்ளும். லித்தியம் அயன் பேட்டரியை சோனி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அந்த வகைதான், அதற்கு இந்தக் கோளாறு கிடையாது. மாறாக, அடிக்கடி அடிமட்டம் வரைக்கும் இறக்குவதால் அது சீக்கிரம் தேய்கிறது. ஆகவே சக ஆசிரியர் சொன்னதை விட்டுவிடுங்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாட்டியே வைத்தால் ஓவர் சார்ஜ் ஆகிவிடும் என்பது தப்பு, 100 வந்ததும் உள்ளே இருக்கிற சர்க்யூட் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும், அப்புறம் மெஷின் ஓடுவது நேராக அடாப்டர் கரண்ட்டில். ஆனால் எப்போதும் 100-இல் நிற்பதும் சூடும் ஒன்றுசேர்ந்தால் பேட்டரி உள்ளுக்குள் ரசாயன ரீதியாகக் கிழடாகிறது, நீங்கள் அதைத் தொடாமல் வைத்திருந்தாலும்கூட. பேட்டரி யூனிவர்சிட்டி என்ற தளம் போட்டிருக்கிற ஒரு அட்டவணையை நான் கடைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்: முழு சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் மிஞ்சுகிற கொள்ளளவு சுமார் 65 சதவீதம். அதே 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் சுமார் 85. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு என்றால் 96. இந்தக் கணக்கை ஊட்டிக்காரன் படித்துவிட்டு மறந்துவிடலாம். நாம் மறக்க முடியாது, நம் வீட்டில் அந்த 40 டிகிரி நிஜமாகவே இருக்கிறது, லேப்டாப்பின் வயிற்றுக்குள் அதற்கு மேலேயும் இருக்கிறது.

அதனால் செய்யவேண்டியது, சார்ஜரை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி அவஸ்தைப்படுவது அல்ல. சார்ஜ் ஏறுகிற உச்சத்தை 80-இல் நிறுத்திவிட்டு நிம்மதியாக மாட்டியே வையுங்கள். லெனோவா என்றால் வான்டேஜ் என்ற செயலியில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும், ஆசுஸ் என்றால் மைஆசுஸ் செயலியில் பேட்டரி பகுதியில் இருக்கும், டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பு திறக்கிற செட்டிங்ஸ் திரை, அதன் உள்ளே போனால் பேட்டரி பற்றிய இடத்தில் கிடைக்கும். எல்லா மாடலிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது, குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் வைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் மாட்டியே வேலை செய்யுங்கள், வேலை முடிந்ததும் பிளக்கை எடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க விடாதீர்கள். அதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 80-இல் நிறுத்துவதால் எத்தனை மாதம் கூடுதலாக உழைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு, மாதக் கணக்கில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், ஆளுக்கு ஆள் பயன்பாடு மாறுகிறது. நல்லது என்பது மட்டும் நிச்சயம்.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் பவர் என்ற சொல்லை அடித்து, அதோடு ஒட்டி சி, எஃப், ஜி மூன்று எழுத்து, அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை எங்கே சேமித்திருக்கிறது என்று அதுவே சொல்லும். அதைத் திறந்தால் டிசைன் கபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது பிறந்தபோது இருந்தது, இரண்டாவது இன்றைக்கு இருப்பது. 42,000 என்று பிறந்தது இன்று 17,000 என்று நின்றால் பேட்டரியை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது, புது லேப்டாப் வாங்குகிற நேரம் வரவில்லை. நல்ல பேட்டரி, அதாவது கம்பெனியுடையது கிடைத்தால் அதையே போடுங்கள். டூப்ளிகேட் சிலது நன்றாகவே உழைக்கிறது, சிலது ஆறே மாதத்தில் உப்புகிறது, எது எப்படி என்று டப்பாவைப் பார்த்து என்னாலும் சொல்ல முடிவதில்லை.

உப்புவது என்றதும் ஒன்று, இதை இன்றைக்கே பாருங்கள். லேப்டாப்பை மூடி, சமமான கண்ணாடி மேசையிலோ கடப்பாக்கல் மேலோ வைத்து நாலு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். முக்காலி ஆடுவது மாதிரி ஆடினால், அல்லது டச்பேட் மேலே எழும்பி அழுத்த முடியாமல் இறுகியிருந்தால், உள்ளே பேட்டரி வாயு அடைத்து உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். சிலர் அமுக்கி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள், ஒருவர் ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாமா என்று என்னிடமே கேட்டார். குத்தினால் தீப்பிடிக்கும், சார். அணைத்து, மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி வைத்து, கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிற இடத்தில்தான் கொடுக்கவேண்டும்.

கூலிங் பேட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் லேப்டாப் அடியிலிருந்து காற்றை இழுக்கிற வகை என்றால் கொஞ்சம் உதவும், கீபோர்டு வழியாக இழுக்கிற வகை என்றால் அதன் பளபள விளக்கைப் பார்த்து ரசிக்கலாம். தூசி அடைத்த லேப்டாப்புக்குக் கூலிங் பேட் போடுவது மூக்கடைப்புக்காரனுக்கு விசிறிவிடுவது மாதிரி. அப்புறம், தினமும் ஷட்டவுன் செய்கிறேன், ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, ஷட்டவுன் கொடுத்தால் உள்ளிருக்கும் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து மறுபடி அதையே எழுப்பும். உண்மையிலேயே எல்லாம் துடைத்துப் புதிதாக ஆரம்பிக்கவேண்டும் என்றால் ரீஸ்டார்ட் கொடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள்.

வைரஸ் எச்சரிக்கை என்று ஓரத்தில் வருவது அநேகமாக வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் பாடப் புத்தக பிடிஎஃப் தேடும்போது அலோ என்ற பொத்தானை யாரோ அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தளம் அன்றிலிருந்து அறிவிப்பு என்ற பெயரில் உங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய் அங்கே அனுமதி வாங்கியிருக்கிற அறிமுகமில்லாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அதில் வருகிற நம்பருக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். அப்படி யாராவது பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடவேண்டும். தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கவேண்டுமா என்றால், விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து, எதிர்க்கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். கிராக் சாஃப்ட்வேர் போடுவதற்காக அந்த டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் நிஜமான வைரஸ் வருகிறது.

மேல் மூடியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதை நான் சும்மா விடமாட்டேன். அடாப்டருக்குள் இருக்கிற வடிகட்டிக் கண்டன்சர் வழியாக மிகச் சிறிய கசிவு கரண்ட் உலோக உடம்புக்கு வரும், எர்த் சரியாக இருந்தால் அது அங்கே இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் கை வழியாக இறங்கப் பார்க்கிறது. சாதாரணமாக அந்த அளவு கரண்ட் ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், மாவு கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் அதே எர்த்தைத்தான் நம்பியிருக்கின்றன. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் சொருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்துபோனால் எர்த் பிடிக்காது, பழைய ஆட்கள் சித்திரை வைகாசியில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுவார்கள், அது சும்மா சடங்கு அல்ல. ஸ்டெபிலைசர் வேண்டாம், அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும், வோல்டேஜ் குறைவதை அதுவே சமாளிக்கும். கோடை மழையில் இடி இடிக்கும்போது மட்டும் அடாப்டரையும், ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இடிக்கு ஸ்பைக் கார்டு பெரிய காவல் அல்ல.

டீ கொட்டிய கதை உங்களுக்கு இன்னும் நடக்கவில்லை, நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்து, அன்றைக்கே கடைக்கு. அரிசி டப்பாவில் புதைத்து வைக்கிற வைத்தியம் வேண்டாம், ஆற்காடு கிச்சிலி சம்பாவாகவே இருந்தாலும் அது போர்டில் ஒட்டிய பாலையும் சர்க்கரையையும் எடுக்காது. அரிசித் தூள்தான் உள்ளே போகும். காய்ந்துவிட்டதே என்று மறுநாள் ஆன் செய்து பார்க்கிறவர்கள்தான் என் கடைக்கு அதிகச் செலவோடு வருகிறார்கள்.

சரி, "போர்டு வீக்" விஷயம். அது ஒரு நோயின் பெயர் அல்ல. எந்த இடத்தில், எந்த பாகம், எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சார்ஜிங் ஐசி, ராம் ஸ்லாட், கிராஃபிக்ஸ் என்று ஏதாவது ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அவர் பார்த்திருக்கிறார். பொதுவாக வீக் என்றால் வேறு கடைக்குப் போங்கள். எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்பு இரண்டு வேலை. வினாத்தாள், மகளின் புராஜெக்ட், போட்டோ எல்லாம் வேறொரு டிஸ்க்கிலும், முடிந்தால் கூகுள் டிரைவ் மாதிரி வெளியிடத்திலும் இருக்கட்டும். இதைச் சொல்கிற எனக்கே ஒரு கறுப்பு நாள் உண்டு: ஒருவர் "ஒண்ணும் முக்கியமா இல்ல, அடிச்சிடுங்க" என்றார், ஃபார்மட் அடித்துக் கொடுத்தேன், டெஸ்க்டாப்பில் அவர் தங்கை கல்யாண போட்டோ இருந்திருக்கிறது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் காப்பி எடுக்காமல் கை வைப்பதில்லை. இப்போது வருகிற எஸ்எஸ்டிகளில், அதாவது சுற்றாத சிப் வகை டிஸ்க்குகளில், ஒருமுறை அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இரண்டாவது வேலை, பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நுழைந்திருந்தால், உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், பிட்லாக்கர் என்று பெயர். போர்டில் கை வைத்ததும் அது 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் ரெக்கவரி கீ என்று இருக்கும், இப்போதே போனில் நுழைந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த 48 எண் இல்லையென்றால் நானல்ல, மைக்ரோசாஃப்ட்டே வந்தாலும் திறக்க முடியாது. மகள் பெயரில் கணக்கு இருந்து அவளுக்கு பாஸ்வேர்டு மறந்திருந்தால், அதை முதலில் சரி செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்புறம் அந்தப் பழைய லேப்டாப், தம்பிக்குப் பள்ளியில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, லாஃப்ட்டில் கிடக்கிறது என்றீர்கள். 2011-இல் ஆரம்பித்த திட்டத்தில் வந்தவை இன்றும் என் கடைக்கு வருகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. விண்டோஸ் 11 அதில் ஏறாது, 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற சுற்றும் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் வினாத்தாள் அடிக்கவும் வீடியோ பார்க்கவும் உங்களுக்கே போதும், நல்லதை மகளிடம் கொடுத்துவிடலாம். அந்த எஸ்எஸ்டி ஒன்றுதான் பழைய மெஷினுக்கு நான் மனசாரச் செலவு செய்யச் சொல்வது. ஆனால் நேராக சார்ஜில் போட்டுவிடாதீர்கள். எத்தனை வருஷமாக அந்தக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருக்கிறதோ தெரியாது, அந்த மாடல்கள் பலவற்றில் பேட்டரி அடியில் தாழ்ப்பாள் தள்ளினால் தனியாக வந்துவிடும். கீழே இறக்கியதும் முதலில் அதைக் கழற்றி, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி இல்லாமலே அடாப்டரில் ஓடும், கரண்ட் போனால் அணைந்துவிடும், அவ்வளவுதான். இங்கே அதன் போட்டோ ஒன்று போட்டால் மாடல் பார்த்து எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று சொல்கிறேன்.